மொய்ராவை வேறு வைத்த கதை

1

சோமுவுக்குக் கல்யாணமாகி நேற்றோடு ஒரு வருஷம். சோமு என் கொழுந்தன், என் வீட்டுக்காரருக்கு இளையவன். பெண் இந்த ஊர்க்காரி, மொய்ரா என்று பெயர். “வருஷம் திரும்புச்சே, என்ன விசேஷம் செஞ்சீக?” என்று கண்டரமாணிக்கத்திலிருந்து என் சிநேகிதி கடுதாசி எழுதிக் கேட்டிருக்கிறாள். விசேஷம் ஒன்றும் இல்லை. கேக் வாங்கினோம், மழை பெய்தது. இங்கே எந்த விசேஷமானாலும் இந்த இரண்டும் உண்டு.

ஆனால் அவள் கேட்டதிலிருந்து எனக்குப் பழைய சங்கதி ஒன்று மனசுக்குள் புரண்டுகொண்டே இருக்கிறது. கல்யாணமாகி மூன்றாம் மாதம், காலைக் கஞ்சியை முந்தின சாயங்காலமே ஊற வைக்கிற ஒரு சின்னக் காரியத்தில் தொடங்கி, இந்தத் தேசத்தில் எங்களுக்கென்று இருக்கிற ஒரே சொந்தத்தை நானே வாசலுக்கு வெளியே தள்ளப் பார்த்தேன். தள்ள வேண்டும் என்றா செய்தேன்? மரியாதை செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது டண்டி. எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், லண்டனில் ரயில் ஏறிப் பகல் முழுக்க வடக்கே போய், இனிமேல் ஊரே கிடையாது போலிருக்கிறது என்று தோன்றும்போது இறங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்து. கடல் மாதிரி அகலமான ஆறு, அதன் கரையில் சணல் ஆலைகள். ஓர் ஆலையின் ஆபீசில் என் வீட்டுக்காரருக்கு வேலை. அவர் அறுபத்தைந்தில் வந்தார். இரண்டு வருஷம் கழித்து, இரண்டு வயது மீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வந்தேன். சோமு எழுபதில் வந்தான். இன்னும் வடக்கே கடலுக்குள் எண்ணெய் தோண்டுகிறார்களே, அங்கே வேலை. இரண்டு வாரம் கடலில், ஒரு வாரம் வீட்டில்.

நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் என்னை அனுப்பவில்லை. தமிழை வாரப் பத்திரிகைகளில் படித்துப் படித்து வளர்த்துக்கொண்டேன். இங்கிலீஷைக் கடைத் தகர டப்பாக்களிலும் பஸ் கண்டக்டர் வாயிலும் பொறுக்கினேன். அதனால் எனக்கு மாவு, சோப்பு, டிக்கெட், மழை இவை சம்பந்தமான இங்கிலீஷ் நன்றாக வரும். மனசு சம்பந்தமானது வராது. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

2

செட்டிநாடு என்றால் தினமும் காலையில் பலகாரம் என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. எங்கள் மாமியார் வீட்டில் வெயில் பிறந்தால் கேப்பைக் கூழ்தான். காலையில் மாவைக் கரைத்து வைத்து, அது பகலெல்லாம் புளித்து, பொழுது சாய நொய் போட்டுக் காய்ச்சி மூடிவைத்தால், மறுநாள் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு குடிக்கலாம்.

இங்கே கேப்பைக்கு எங்கே போக? ஓட்ஸ் கிடைத்தது. நான் சும்மா இருப்பேனா? சாயங்காலம் ஓட்ஸில் தண்ணீரும் ஒரு கரண்டித் தயிரும் விட்டு, மண்ணெண்ணெய் ஹீட்டர் பக்கத்தில் மூடிவைப்பேன். இந்தக் குளிரில் சூடு காட்டினால்தான் புளிக்கும். காலையில் லேசாகக் காய்ச்சி, ஆற வைத்து, மோரும் உப்பும் வெங்காயமும் போட்டால், கண்ணை மூடிக் குடிக்கிற வரைக்கும் அது கூழ்தான். என் வீட்டுக்காரர் குடித்துவிட்டுச் சொன்னார்: “பரவால்ல உமையா, காரைக்குடிக்கு முக்கால்வாசி தூரம் போயிட்டு வந்த மாதிரி இருக்கு.”

ஏழு வருஷம் இப்படிப் போனது. எட்டாம் வருஷம் மொய்ரா வந்தாள்.

நல்ல பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிவப்புத் தலைமுடி, சத்தமான சிரிப்பு, படியேறும்போதே பாட்டு. வந்த அன்றே என்னை ‘ஆச்சி’ என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கம் அண்ணன் பெண்சாதியை அப்படித்தான் கூப்பிடுவோம், சோமு சொல்லிக்கொடுத்திருந்தான். அவள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ். நான் நம்ம பேச்சில் மாற்றி எழுதுகிறேன், எனக்கு விளங்கிய அளவுக்கு.

அவளும் ஓட்ஸ்காரி. அவர்கள் ஊருக்கே அதுதான் காலை ஆகாரம். அவளும் முந்தின சாயங்காலமே ஊற வைப்பாள். ஆனால் பச்சைத் தண்ணீரில், தயிர் கியிர் கிடையாது, குளிர்ச்சியான ஜன்னல் ஓரத்தில். காலையில் உப்பு மட்டும் போட்டுக் காய்ச்சி, பாலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கரண்டிக் கஞ்சியைப் பாலில் முக்கி முக்கிச் சாப்பிடுவாள்.

ஆக, ஒரே அடுப்படி, ஒரே டப்பா ஓட்ஸ், இரண்டு பாத்திரம். ஒன்றுக்குச் சூடு வேண்டும், ஒன்றுக்குச் சூடு ஆகாது. அவள் என் பாத்திரத்தைப் பார்த்து, ‘ஐயோ, ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டாளே, கெட்டுப்போகுமே’ என்று ஜன்னலுக்கு மாற்றுவாள். நான் அவள் பாத்திரத்தைப் பார்த்து, ‘பாவம் பிள்ளை, குளிரில் வைத்திருக்கிறாளே’ என்று ஹீட்டருக்கு மாற்றுவேன். காலையில் இரண்டு பேருக்கும் முகம் சுளிக்கும். இரண்டு பேரும் உதவிதான் செய்தோம், பாருங்கள்.

ஒருநாள் அவள் அதிகாலை வேலைக்குப் போகிறவள், என் பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்த்திருக்கிறாள். புளித்த வாசனை. கெட்டுவிட்டது என்று கொட்டி, பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தாள். மீனா படித்துச் சொன்னாள்: “கவலைப்படாதே ஆச்சி, நான் பார்த்துவிட்டேன், யாரும் சாப்பிடவில்லை.”

என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பிஸ்கட் தின்றுவிட்டு ஆபீஸ் போனார். “உசுரக் காப்பாத்திட்டா போ,” என்று படியிறங்கும்வரை சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுவாரம் நான் பழிக்குப் பழியாக இல்லை, கைப் பழக்கத்தில், அவள் பாத்திரத்தில் ஒரு கரண்டித் தயிரை விட்டுவிட்டேன். காலையில் ஒரு வாய் வைத்தவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மீனா அவள் கட்சி. “ஆத்தா, நீ அவள் சாப்பாட்டைத் தொடாதே. அது அவளோடது,” என்று பள்ளிக்கூட வாத்தியாரம்மா மாதிரி விரலை ஆட்டினாள். மீனாவுக்குப் பத்து வயது. வெங்காயம் கடித்துக்கொண்டு கூழ் குடித்த பிள்ளை, மொய்ரா வந்த பிறகு பாலில் முக்கித் தின்ன ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குள் நான் தமிழில் கேட்டால் அது இங்கிலீஷில் பதில் சொல்லும். மொய்ரா இங்கிலீஷில் கேட்டால் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லும். அந்த எரிச்சலும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

3

இந்த இடத்தில் காரைக்குடிக்குப் போய்விட்டு வர வேண்டும். நம்ம பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு அறுபத்திரண்டில் கல்யாணம். ஒரு வருஷம் மாமியார் அடுப்பில்தான் என் சமையலும். அங்கேயும் கூழில்தான் தகராறு. அவர்களுக்குத் தண்ணியாக வேண்டும், எனக்குக் கெட்டியாக வேண்டும்.

“கூழா இது? கரண்டிய நட்டா கொடிமரம் மாதிரி நிக்கிது.”

“நின்னாத்தானே அயித்தை வயித்துல தங்கும்.”

“தங்கும் தங்கும். ராத்திரி வரைக்கும் தங்கி, நாளைக்கும் வாடகை குடுக்காம தங்கும்.”

என் மாமியார் வாயைத் திறந்தால் நான் அடுப்பை விட்டுவிட்டுச் சிரிப்பேன். ஆனாலும் உரசல் உரசல்தான். ஒருநாள் காலையில் அவர்கள் மாமாவிடம், அதாவது என் மாமனாரிடம் போய், “இவளுக்கு நல்ல நாள் பாருங்க,” என்றார்கள்.

எங்கள் வழக்கம் அது. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஆனதும், அவனையும் அவன் பெண்சாதியையும் ‘வேறு வைப்பார்கள்’. வீடு அதேதான், வாசல் அதேதான். அடுப்பு மட்டும் தனி. நல்ல நாள் பார்த்து அரிசி, பருப்பு, புளி, மிளகாய், விறகு, பாத்திரம் எல்லாம் அளந்து கொடுத்து, ‘இனிமேல் உன் சமையல் உனக்கு’ என்று விடுவார்கள். கோபித்துக்கொண்டு செய்கிற காரியம் இல்லை இது. நீயும் ஒரு வீடு, உன்னையும் ஒரு குடும்பமாக எண்ணிக்கொள்கிறோம் என்பதற்கு அடையாளம். வீட்டின் பின்பக்கம், இரண்டாங்கட்டில் வரிசையாக அடுப்புகள். மாமியாருடையது ஒன்று, மூத்த மகன் பெண்சாதி விசாலாட்சி ஆச்சியுடையது ஒன்று, அப்புறம் என்னுடையது. பத்தடிக்கு ஓர் அடுப்பு.

அதற்குப் பிறகு பாருங்கள், என்ன ஒற்றுமை! சண்டை போட ஒன்றுமே இல்லை. அவர்கள் கூழ் தண்ணி, என் கூழ் கெட்டி, அவரவர் வயிறு. பேச்சு மட்டும் அடுப்புக்கு அடுப்பு பறக்கும். நான் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தால், “ஏ உமையா, மெதுவா ஊது. நீ ஊதுற ஊதுல என் அடுப்புச் சாம்பலு சாக்கோட்டைக்குப் போயிரும்போல,” என்பார்கள். “போனா என்ன அயித்தை, சாம்பலாச்சும் ஊரு பாத்துட்டு வரட்டும்,” என்பாள் விசாலாட்சி ஆச்சி, அங்குட்டுத் திரும்பிக்கொண்டே.

டண்டியில் பாத்திரத்தில் தயிர் விழுந்த அன்றைக்கு எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. மருந்து கையிலேயே இருக்க, எதற்கு வியாதியோடு மல்லுக்கு நிற்பது?

4

“சோமுவையும் மொய்ராவையும் வேறு வச்சிருவோம்ங்க,” என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

அவர் பேப்பரை இறக்கினார். “எங்கிட்டு? குளிக்கிற தொட்டிக்குள்ளயா?”

“சோமு ரூமுக்கு அடுத்தாப்புல சின்ன ரூம் சும்மாத்தானே கெடக்கு. அங்க உடைஞ்ச குடைக மூணு குடியிருக்கு. அதுகளக் காலி பண்ணச் சொல்லுங்க. பழைய கேஸ் குழாய்கூட இருக்கு, யாரோ முன்னாடி அடுப்பு வச்சிருந்திருக்காக.”

“அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் விளங்குமா?”

“சந்தோசப்படுவா பாருங்க. தனி அடுப்புன்னா எந்தப் பொண்ணுக்குக் கசக்கும்?”

இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவரிடம் மெதுவாகத்தான் சொன்னேன். கல்யாணத்துக்கு அப்புறம் மாமாவிடமிருந்து இரண்டு கடுதாசி வந்துவிட்டது. மழை, நெல், கோவில் திருப்பணி, மாட்டுக்கு உடம்பு சரியில்லாதது எல்லாம் இருந்தது. மொய்ரா இல்லை. திட்டியும் இல்லை, விசாரித்தும் இல்லை. அங்கே கோவில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளி என்று எண்ணுவார்கள். இந்த ஜோடியை எண்ணுவார்களா என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

“அவுக எண்ணுறப்ப எண்ணட்டும்ங்க,” என்றேன். “இங்க நாமதானே மூத்தவுக. நாம எண்ணுவோம்.”

அவர் பேப்பரை நாலாக மடித்தார். அப்புறம், “சோமு வரட்டும், கேட்டுக்குவோம்,” என்றார்.

“கேட்டுக்கிட்டா குடுப்பாக? எனக்கு நாள் பாத்தப்ப என்னைய யாரு கேட்டா? அவன் சனிக்கிழமை வர்றப்ப அடுப்பு எரியணும்.”

அங்கேதான் தப்பு செய்தேன்.

கேஸ் ஆபீசில் ஒரு பாரம் கொடுத்தார்கள். வீட்டில் எத்தனை குடும்பம் என்று ஒரு கேள்வி. இவர் இரண்டு என்று போட்டார். ஆபீஸ்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டாராம்.

“வாடகைக்கு விட்டிருக்கீர்களா?”

“இல்லை. என் தம்பி.”

“ஏதாவது சண்டையா?”

“இல்லை.”

“ஒரே சமையலறை போதாதா?”

“போதும்.”

“பிறகு எதற்கு இரண்டாவது அடுப்பு?”

“அது எங்கள் ஊரில் ஒரு கௌரவம்.”

ஆபீஸ்காரர் நெடுநேரம் யோசித்து, பாரத்தின் அடியில் ஏதோ எழுதிக்கொண்டாராம். என்ன எழுதினார் என்று இவர் பார்க்கவில்லை. ஆபீசில் யாராவது எழுதும்போது எட்டிப் பார்க்கக் கூடாது என்பது இவருடைய கொள்கை.

5

வெள்ளிக்கிழமை நல்ல நாள். அடுப்புப் பொருத்த மத்தியானம் ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மொய்ராவுக்கு டியூட்டி சாயங்காலம் வரை என்று நினைத்து நான் கடைக்குப் போனேன். ஓட்ஸ், உப்பு, அரிசி, பருப்பு, சர்க்கரை, தேயிலை, கைப்பிடி வைத்த புதுப் பாத்திரம் ஒன்று, கரண்டி இரண்டு. முறைப்படி ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியது. இரண்டு கையிலும் பை, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றால், கதவைத் திறந்தவள் மொய்ரா. அன்றைக்குப் பாதி நாள்தானாம். கையில் ஒரு காகிதம். உள்ளே அடுப்புக்காரன் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“ஆச்சி, இது என்ன?” என்று காகிதத்தை நீட்டினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மீனா எட்டிப் படித்தாள். கேஸ் ஆபீஸ் பாரம், அடியில் ‘குடும்பத்திலிருந்து பிரிந்து செல்பவர்களுக்குத் தனி அடுப்பு’ என்று எழுதியிருந்தது.

நான் சிரித்த முகமாக, “இனி இது உன் அடுப்பு, உன் சமையல்னு சொல்லுடி,” என்றேன் மீனாவிடம்.

மீனா சொன்னாள். என்ன சொன்னாள் என்பது எனக்கே விளங்கியது, அவ்வளவு எளிய இங்கிலீஷ். ‘ஆத்தா சொல்கிறாள், நீ இனிமேல் எங்களோடு சமைக்கக் கூடாது, உன் சாப்பாட்டை நீயே பார்த்துக்கொள்ள வேண்டும்.’ பிள்ளையைக் குறை சொல்லி என்ன? அவளுக்கு நான் இந்த வழக்கத்தைச் சொல்லித்தந்ததே இல்லை.

மொய்ரா என் கையிலிருந்த பைகளைப் பார்த்தாள். அரிசியைப் பார்த்தாள், புதுப் பாத்திரத்தைப் பார்த்தாள். வீட்டை விட்டு அனுப்புகிறவர்களுக்குக் கட்டிக் கொடுக்கிற மாதிரி இருந்திருக்கும்.

“அந்தப் பாத்திரத்தை நான் கொட்டியது தப்புதான் ஆச்சி,” என்றாள் மெதுவாக. “சொல்லியிருந்தால் நானே போயிருப்பேனே.”

உள்ளே போய்விட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அடுப்புக்காரன் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினான்.

ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். இவர் இங்கிலீஷ்தான் ஆபீஸ் இங்கிலீஷ் ஆயிற்றே, எடுத்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன். போனார். இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

“என்ன சொன்னீக?”

“தப்பா எடுத்துக்காதம்மா, எங்க ஆத்தாவும் உமையாள இப்படித்தான் தனியா வச்சாகன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“‘ஐயோ பாவம் ஆச்சி’ன்னு சொல்லி, இன்னும் ரெண்டு உடுப்ப எடுத்துப் பெட்டில வச்சிட்டா.”

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் ரயிலில் சோமு வந்ததும் இரண்டு பேரும் ஆற்றுக்கு அக்கரையில் அவள் அம்மா வீட்டுக்குப் போவதாக முடிவாம். போனால் அவன் ஏன் இங்கே வருவான்? அவனுக்கும் ஒரு வாரம்தான் லீவு. அண்ணன் தம்பி என்று இந்தக் குளிர்காட்டில் இரண்டு பேர். உறவு வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு போய்விடும். இங்கே அப்படிப் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மொய்ரா ஒரு தடவை வெளியே வந்தாள், தண்ணீர் பிடிக்க. என்னைத் தாண்டிப் போகிறவள் நின்று மீனாவிடம் ஏதோ கேட்டாள். மீனா என்னைப் பார்த்தாள்.

“ஆத்தா, உன்னையத் தனியா வச்சப்ப நீ அழுகலையான்னு கேக்குறா.”

“நான் ஏன் அழுகுறேன்? சந்தோசமா இருந்துச்சுன்னு சொல்லு,” என்றேன் பட்டென்று.

மொய்ரா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பொய் சொன்னேன். பொய் என்றுகூட எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாக ஊரெல்லாம் நான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை அல்லவா, அதில் அந்த முதல் சாயங்காலம் இல்லவே இல்லை. என் அடுப்பு, என் பானை, கூழ் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். பத்தடி தள்ளி மாமியாரும் விசாலாட்சி ஆச்சியும் எதற்கோ சிரிக்கிறார்கள். எதற்கென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேற்று வரைக்கும் அந்தச் சிரிப்புக்குள் இருந்தவள். கண்ணீர் கூழில் விழுகிறதே என்று முந்தானையால் ஒற்றினேன். வழக்கம் தெரிந்த குடும்பத்தில் பிறந்து, இதற்காகவே காத்திருந்த எனக்கே அப்படி. இந்தப் பிள்ளைக்கு?

அப்புறம் எப்போது அழுகை நின்றது என்று யோசித்தேன். மறுநாள் காலையில். மாமியார் கையில் ஒரு கும்பாவை எடுத்துக்கொண்டு, என் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவர்கள் அடுப்பு அன்றைக்குப் பற்ற வைக்கவே இல்லை. “பசிக்கிதுடி. ஒங்க வீட்டுக் கூழு கொஞ்சம் ஊத்து,” என்றார்கள். அந்த வீட்டுக்கே எஜமானி, என்னிடம் வந்து கேட்டு நிற்கிறார்கள். நான் பதறிப்போய் ஊற்றினேன். அந்தக் கெட்டிக் கூழை ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றபடியே குடித்தார்கள்.

வேறு வைக்கிறது என்றால் பாத்திரம் கொடுப்பது என்று நினைத்திருந்தேன். மறுநாள் போய்க் கேட்டுச் சாப்பிட வேண்டுமே, அதுதான் மற்றப் பாதி. நான் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

6

சனிக்கிழமை காலையில் என் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

“காப்பி?” என்றார் என் வீட்டுக்காரர்.

“இங்க கெடையாது. சட்டையப் போடுங்க, ஒரு வீட்டுக்குப் போகணும்.”

“எந்த வீட்டுக்கு?”

“அடுத்த ரூமுக்கு.”

என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அவர் ஆத்தாவின் பிள்ளைதானே. உள்ளே போனவர் கோட்டும் கழுத்துப் பட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போகிறதென்றால் முறையாகப் போக வேண்டுமாம். மீனாவுக்குத் தலைவாரிவிட்டேன். ஆளுக்கொரு கிண்ணம் எடுத்துக்கொண்டோம். ரூம்களுக்கு நடுவிலுள்ள நடையில் ஆறு எட்டு வைத்து, சின்ன ரூம் கதவைத் தட்டினேன். என் வீட்டுக் கதவை நானே தட்டினது அதுதான் முதல் தடவை.

மொய்ரா திறந்தாள். ராத்திரி தூங்காத முகம். வெளியே போகிற உடுப்பு போட்டிருந்தாள். பின்னால், ராத்திரியே அங்கே கொண்டுவந்து வைத்த இரண்டு பெட்டிகளும் கட்டி நின்றன. ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய பாத்திரத்தில் ஓட்ஸ் ஊறிக்கொண்டிருந்தது, அவளுக்கும் சோமுவுக்குமாக. பெட்டி கட்டினாலும் காலையில் பசிக்கும் என்று தெரிந்த பெண்.

“அடுப்பு எரியவில்லையா ஆச்சி?” என்றாள்.

ராத்திரி முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். மீனா திருத்தியும் கொடுத்திருந்தாள். கதவு திறந்ததும் அத்தனையும் பறந்துவிட்டது. வாயில் வந்தது மூன்று சொல் இங்கிலீஷ்தான். இது உன் வீடு. அப்புறம் கிண்ணத்தை நீட்டினேன். ‘பசிக்கிறது’ என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், கோட்டுப் போட்டு நிற்கிற இவரைப் பார்த்தாள், மீனாவைப் பார்த்தாள். மூன்று கிண்ணம். “உங்கள் அடுப்பு?” என்றாள்.

“பத்த வைக்கல. இன்னைக்கு உங்க வீட்டுலதான். நான் பொய் சொன்னேன்னு சொல்லு மீனா. நான் அழுதேன். எங்க அயித்தை இப்படித்தான் வந்து கேட்டாக, அப்புறம்தான் நின்னுச்சு.”

மீனா சொன்னாள். இந்தத் தடவை அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, நடுவில் என்னைத் திரும்பிக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அடுப்பு வரிசை, மாமியார் கும்பா, எல்லாம். கடைசியில் தானாகவே ஒன்று சேர்த்துக்கொண்டாள்: “அங்கே உனக்கு அடுப்பு இருந்தால்தான் நீ ஆளாம்.”

மொய்ரா கதவை விரியத் திறந்து வைத்தாள். பிறகு திரும்பிப் போய்ப் பாத்திரத்தில் இன்னும் தண்ணீர் விட்டு, இன்னும் இரண்டு கை ஓட்ஸ் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்தாள். ஊறாத ஓட்ஸ் கட்டி தட்டுமே என்று என் கை தானாக நீண்டு கரண்டியைப் பிடித்தது. பட்டென்று புறங்கையில் ஓர் அடி.

“ஆச்சி. இது என் அடுப்பு. உட்காருங்கள்.”

சத்தியமாகச் சொல்கிறேன், என் மாமியாரிடம் நான் ஒருநாளும் சொல்லத் துணியாததை முதல் நாளே சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியினால் இல்லை. என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

உட்காரச் சொன்னாளே தவிர, உட்கார இடம் எங்கே? அடுப்பு ஒரு பக்கம், பெட்டி இரண்டும் ஒரு பக்கம், நடுவில் நாங்கள் மூன்று பேர் கிண்ணமும் கையுமாக. மொய்ரா சுற்றிப் பார்த்தாள். கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு பெட்டியைத் தூக்கி வெளியே நடையில் வைத்தாள். வந்து இன்னொன்றையும் தூக்கி வைத்தாள். நாங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம்.

கஞ்சி வந்தது. கட்டி தட்டித்தான் இருந்தது. “உப்பு கொஞ்சம்…” என்று இவர் ஆரம்பித்தார். நான் காலை மிதித்தேன். “பிரமாதம்,” என்று முடித்தார்.

பாதிச் சாப்பாட்டில் கீழே படியில் சோமுவின் பூட்ஸ் சத்தம். கதவைத் திறந்தவன் நடையிலேயே நின்றுவிட்டான். கண் முன்னால் அவன் பெண்சாதியின் பெட்டிகள் இரண்டும். முகம் வெளுத்துவிட்டது.

“ஆச்சி! என்ன ஆச்சு? பெட்டியெல்லாம் ஏன் வெளிய நிக்கிது?”

நான் வாயைத் திறக்குமுன் மொய்ரா கரண்டியோடு வாசலில் போய் நின்றாள்.

“ஆள் உட்கார இடம் வேண்டாமா? சத்தம் போடாமல் கையைக் கழுவிவிட்டு வா. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள்.”